ஃபோம் விமானம் பறக்கவிடக் கற்பது எப்படி? புதியவர்கள் அறிய வேண்டிய நுட்பமும் சட்டமும்

புதுடெல்லி: ரேடியோ அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவது ஒரு காலத்தில் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக இருந்தது. பால்சா மரம், சிறிய எரிபொருள் எஞ்சின், பல மாத உழைப்பு ஆகிய மூன்றும் அதற்குத் தேவைப்பட்டன. இன்று ஃபோம் அட்டை, மின் மோட்டார், லித்தியம் பேட்டரி ஆகியவற்றைக் கொண்டு சில ஆயிரம் ரூபாய் செலவில் ஒரு மாணவர் தம் வீட்டிலேயே விமானம் செய்துவிட முடிகிறது.

செலவு குறைந்த அளவுக்குக் கற்றல் எளிதாகிவிடவில்லை. முதல் முறை பறக்கவிடும்போது, முதல் நிமிடத்திலேயே விமானம் தரையில் மோதி உடைவது புதியவர்கள் பலருக்கும் நேரும் அனுபவம். உடைந்த விமானத்தை ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டுப்பாட்டை இழந்த விமானம் ஒருவரின் தலையில் விழுந்தாலோ, விமான நிலையத்துக்கு அருகே பறந்தாலோ அது விளையாட்டாக முடியாது. எனவே இந்தப் பொழுதுபோக்கில் எதை முதலில் கற்பது, எதைப் பின்னர் கற்பது என்ற வரிசை முக்கியமானது.

ஃபோம் ஏன்?

மாதிரி விமானங்களுக்குப் பல வகை ஃபோம்கள் பயன்படுகின்றன. இபிபி எனப்படும் வகை, வளைந்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் தன்மை கொண்டது. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் விமானங்களில் பெரும்பாலும் காணப்படும் இபிஓ வகை சற்றுக் கடினமானது. மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் பொருள் மலிவானது, ஆனால் எளிதில் நொறுங்கக் கூடியது. விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் உள்ளீடற்ற பிளாஸ்டிக் அட்டையைக் கொண்டும் விமானம் செய்பவர்கள் உண்டு. அது உறுதியானது என்றாலும் எடை கூடுதலானது.

ஃபோமின் பெரிய பயன் அதன் மன்னிக்கும் குணமே. மர விமானம் மோதினால் பல நாள் வேலை வீணாகும். ஃபோம் விமானத்தைப் பெரும்பாலும் பசையும் ஒட்டுநாடாவும் கொண்டு திடலிலேயே சரிசெய்து, அன்றே மீண்டும் பறக்கவிடலாம். ஆனால் உடனடியாக ஒட்டும் சாதாரணப் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதால், அதற்கு ஃபோமுக்கென விற்கப்படும் பசையையோ சூட்டுப் பசையையோ பயன்படுத்த வேண்டும்.

விமானத்துக்குள் இருப்பவை

ஒரு பயிற்சி விமானத்தின் உறுப்புகள் குறைவானவை. மூக்கில் ஒரு மின் மோட்டாரும் அது சுழற்றும் விசிறியும் இருக்கும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த இஎஸ்சி என்ற மின்னணுக் கருவி, இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பகுதிகளைத் திருப்ப ‘சர்வோ’ என்ற சிறு மோட்டார்கள், பறக்கவிடுபவரின் கட்டளையைப் பெறும் ரிசீவர், இவை அனைத்துக்கும் மின்சாரம் தரும் லித்தியம் பாலிமர் பேட்டரி ஆகியவை உள்ளே இருக்கும். கட்டளைகளை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் நம் கையில் இருக்கும். இன்றைய கருவிகள் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன.

இயக்கத்தின் அடிப்படை நான்கு செயல்கள்தான். த்ராட்டில் மோட்டாரின் வேகத்தை மாற்றும். வாலின் கிடைப்பகுதியில் உள்ள எலிவேட்டர் மூக்கை உயர்த்தும் அல்லது தாழ்த்தும். வாலின் செங்குத்துப் பகுதியில் உள்ள ரட்டர் மூக்கை இடமோ வலமோ திருப்பும். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள எய்லரான்கள் விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்க்கும்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். 2,200 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பேட்டரியில் 80 விழுக்காட்டை மட்டும் பயன்படுத்துவது நல்லது. அது 1,760 ஆகும். விமானம் சராசரியாக 12 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 9 நிமிடம் பறக்கும். எனவே டிரான்ஸ்மிட்டரில் 6 அல்லது 7 நிமிடத்துக்கு மணி வைத்துக்கொள்வது தரையிறங்கப் போதிய அவகாசம் தரும்.

முதல் விமானம் எது?

போர் விமானத்தின் தோற்றம் கொண்ட மாதிரிகள் கண்ணைக் கவர்கின்றன. தொடக்க நிலையினர் பலர் அவற்றையே வாங்கி ஏமாற்றமடைகின்றனர். சிறிய இறக்கையும் அதிக எடையும் கொண்ட அத்தகைய விமானங்கள் வேகமாகப் பறந்தால் மட்டுமே காற்றில் நிற்கும். வேகம் கூடும்போது யோசிக்கும் நேரம் குறைகிறது.

கற்பதற்கு ஏற்றது, உடலின் மேற்புறத்தில் இறக்கை பொருத்தப்பட்ட விமானம். இறக்கையின் இரு நுனிகளும் சற்றே மேல்நோக்கி உயர்ந்திருந்தால் இன்னும் நல்லது. இந்த அமைப்பில் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானாக நிமிர முயலும். 120 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட இறக்கையுடன், 900 கிராம் எடையுள்ள விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் இறக்கையின் ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 37.5 கிராம் எடையைச் சுமக்கிறது. இந்த அளவு குறையக் குறைய விமானம் மெதுவாகவும் மென்மையாகவும் பறக்கும்.

ஈர்ப்பு மையம்: பாதி வெற்றி தரையிலேயே

முதல் பறத்தலின் தோல்விக்குப் பல நேரங்களில் கை காரணமன்று. எடை சமநிலை தவறியதே காரணம். பொதுவான பயிற்சி விமானங்களில் ஈர்ப்பு மையம், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருக்க வேண்டும். இறக்கையின் அகலம் 20 செ.மீ. என்றால், முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 செ.மீ. தொலைவு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

சோதிப்பது எளிது. பேட்டரியைப் பொருத்தியபின், அந்தப் புள்ளியில் இறக்கையின் அடியில் இரு விரல்களை வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாகவோ, மூக்கு மிகச் சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்த வேண்டும். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறந்தாலும் கட்டுப்பாட்டில் இருக்கும். வால் கனத்த விமானமோ தேர்ந்தவர் கைக்கும் அடங்காது.

அடுத்து, ஒவ்வொரு குச்சியையும் அசைத்து, உரிய பகுதி உரிய திசையில் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எய்லரான் தலைகீழாக இணைக்கப்பட்டிருப்பதைத் தரையில் கவனிக்காவிட்டால், காற்றில் கவனிக்க நேரம் கிடைக்காது.

சிமுலேட்டர்: உடையாத விமானம்

கணினியில் இயங்கும் சிமுலேட்டர் மென்பொருளை டிரான்ஸ்மிட்டருடன் இணைத்துப் பயில்வது, தொடக்க நிலையினர் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான முதலீடு. அங்கு நூறு முறை மோதினாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் விமானம் மீண்டும் எழும்.

சிமுலேட்டரில் முக்கியமாகப் பழக வேண்டியது திசைக் குழப்பத்தைக் கடப்பது. விமானம் நம்மைவிட்டு விலகிச் செல்லும்போது அதன் இடம் நம் இடமாகவே இருக்கிறது. அது நம்மை நோக்கித் திரும்பி வரும்போது அதன் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கமாகிவிடுகிறது. அந்த நொடியில் மூளை தயங்குகிறது. கை தவறான பக்கம் தள்ளுகிறது. விமானம் மேலும் சாய்கிறது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது, எந்தப் பக்கத்து இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியை நகர்த்தினால் அது நிமிரும். எண்ணிப் பார்க்காமலே கை இதைச் செய்யும் வரை பயில வேண்டும்.

முதல் பறத்தல்

காற்று அடங்கிய அதிகாலைப் பொழுதே பயிற்சிக்கு உகந்தது. கோடையில் வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று சிறு விமானத்தைத் தூக்கியும் அமுக்கியும் அலைக்கழிக்கும். மரங்கள், மின்கம்பிகள், சாலைகள், வீடுகள் இல்லாத பரந்த வெளி வேண்டும். கிரிக்கெட் ஆடும் சிறுவர்கள் நிறைந்த திடல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஏற்ற இடமன்று. பட்டம் விடும் பருவத்தில் மாஞ்சா நூல் விசிறியிலும் இறக்கையிலும் சிக்கக்கூடும். பருந்துகள் விமானத்தைத் துரத்துவதும் உண்டு; அப்போது இறங்கிவிடுவதே முறை.

விமானத்தை எப்போதும் காற்று வீசும் திசைக்கு எதிராகவே எறிய வேண்டும். எதிர்க்காற்று இறக்கைக்குக் கூடுதல் தூக்குவிசையைத் தருகிறது. எறிபவர் மூக்கை வானத்தை நோக்கித் தூக்காமல், மட்டமாக எறிவது அவசியம். அனுபவம் உள்ள ஒருவர் எறிய, கற்பவர் இரு கைகளையும் டிரான்ஸ்மிட்டரில் வைத்திருப்பது நல்லது.

எழுந்தவுடன் 40 அல்லது 50 மீட்டர் உயரத்துக்குச் சென்று, த்ராட்டிலைப் பாதியாகக் குறைத்து, பெரிய வட்டங்களாகச் சுற்றப் பழக வேண்டும். தரைக்கு அருகில் பறப்பதே பாதுகாப்பு என்று புதியவர்களுக்குத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. உயரம் இருந்தால்தான் பிழையைத் திருத்த நேரம் கிடைக்கும்.

புதியவர்களின் விமானங்கள் வீழ்வதற்கு முக்கியக் காரணம் ‘ஸ்டால்’ எனப்படும் நிலை. விமானம் கீழே வருகிறது என்ற அச்சத்தில் எலிவேட்டர் குச்சியை முழுவதுமாகத் தம்மை நோக்கி இழுக்கின்றனர். மூக்கு உயர்கிறது, வேகம் குறைகிறது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டியதும் மேற்பரப்பில் காற்றோட்டம் சிதறித் தூக்குவிசை குலைகிறது. அதன்பின் எவ்வளவு இழுத்தாலும் விமானம் ஏறாது. குச்சியைத் தளர்த்தி, மூக்கைத் தாழவிட்டு, த்ராட்டிலைக் கூட்டி, வேகம் பெற்றபின் மெல்ல நிமிர்த்துவதே மீளும் வழி. இயல்புணர்வுக்கு எதிரான இந்தச் செயலைப் பாதுகாப்பான உயரத்தில் வேண்டுமென்றே பலமுறை செய்து பழக வேண்டும்.

தரையிறக்கமும் காற்றுக்கு எதிராகவே நிகழ வேண்டும். தொலைவிலிருந்தே த்ராட்டிலைக் குறைத்து, இறக்கைகளை மட்டமாக வைத்து, தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் மட்டும் மூக்கைச் சற்றே உயர்த்தினால் போதும். மோதல் தவிர்க்க முடியாதது என்று தெரிந்தால் உடனே த்ராட்டிலை முழுமையாக அணைத்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் மோட்டாரையும் இஎஸ்சியையும் காப்பாற்றும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஃபோம் விமானம் வெறும் பொம்மை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு அறிவித்த ட்ரோன் விதிகள், விமானி அமராமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் வானூர்தி அனைத்தையும் உள்ளடக்குகின்றன. நான்கு விசிறிகள் கொண்ட ட்ரோனுக்கும் இறக்கை கொண்ட மாதிரி விமானத்துக்கும் இதில் வேறுபாடு இல்லை.

அதே வேளையில், கல்வி, ஆய்வு, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக மட்டும், கண் பார்வைக்கு எட்டும் தொலைவுக்குள் பறக்கவிடப்படும், 25 கிலோவுக்கு மிகாத மாதிரி விமானங்களை இவ்விதிகள் தனியே வரையறுக்கின்றன. இவற்றை இயக்க வகைச் சான்றிதழ் தேவையில்லை. 250 கிராமுக்கு மிகாதவை நானோ வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ வகை. நானோ வகையை இயக்கவும், வணிக நோக்கமின்றி மைக்ரோ வகையை இயக்கவும் தொலைநிலை விமானிச் சான்றிதழ் வேண்டியதில்லை. மேலே எடுத்துக்காட்டாகக் கூறிய 900 கிராம் பயிற்சி விமானம் மைக்ரோ வகையைச் சேர்ந்தது.

இந்த விலக்குகளை முழுச் சுதந்திரம் என்று கொள்ளக் கூடாது. விலக்கு அளிக்கப்பட்டவை தவிர மற்ற வானூர்திகளை அரசின் இணையதளத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும். நானோ வகை தவிர்த்த மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் விதிகளில் உள்ளது. விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விதிமீறலுக்கு ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்கப்படலாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விமானம் வாங்கும் முன் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் நடப்பு நிலையைச் சரிபார்ப்பது நல்லது.

எங்கு பறக்கவிடலாம் என்பதை வான்வெளி வரைபடம் மூன்று நிறங்களில் காட்டுகிறது. பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி இன்றிப் பறக்கவிடலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் இந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. மஞ்சள் மண்டலத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும், சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியும் தேவை. சூழ்நிலைக்கு ஏற்ப ஒரு பகுதியை ஒரே நேரத்தில் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கவும் விதிகளில் இடமுண்டு.

டெல்லியில் குடியரசு தினம், சுதந்திர தினம் ஆகியவற்றை ஒட்டி ட்ரோன், பாராகிளைடர், தொலைநிலை இயக்க வானூர்தி உள்ளிட்டவற்றைப் பறக்கவிடக் காவல்துறை தடை விதிப்பது வழக்கம். வரைபடத்தில் பச்சையாக இருந்தாலும், அன்றைய உள்ளூர் உத்தரவையும், நிலத்தின் உரிமையாளரின் அனுமதியையும் உறுதி செய்துகொள்வது பறக்கவிடுபவரின் பொறுப்பு.

பொம்மை போல் தோன்றும் ஆபத்து

ஃபோம் மென்மையானது என்பதால் விமானமும் ஆபத்தற்றது என்று கருதக் கூடாது. 10 அங்குல விசிறி நிமிடத்துக்கு 8,000 முறை சுழலும்போது, அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 380 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. விரலைப் பிளக்க அது போதும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் 900 கிராம் விமானத்தின் இயக்க ஆற்றல், ஒரு கிலோ எடை 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் உண்டாகும் ஆற்றலுக்கு ஏறத்தாழ நிகரானது.

எனவே சில பழக்கங்களைத் தொடக்கத்திலேயே கைக்கொள்ள வேண்டும். வீட்டில் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிட வேண்டும். முதலில் டிரான்ஸ்மிட்டரை இயக்கி, பின்னரே பேட்டரியை இணைக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் பேட்டரியைப் பிரித்து, பின்னர் டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ‘ஃபெயில்சேஃப்’ அமைப்பைச் சரிசெய்து, விசிறி இல்லாமல் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பார்வையாளர்கள் எப்போதும் பறக்கவிடுபவரின் பின்புறம் நிற்க வேண்டும். விமானம் மின்கம்பியில் சிக்கினால் அதை எடுக்க ஒருபோதும் முயலாமல் மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

லித்தியம் பாலிமர் பேட்டரி தனிக் கவனம் கோருவது. அதற்குரிய சார்ஜரில் மட்டும், தீப்பற்றாத பரப்பின் மீது, கண்காணிப்பில் மின்னேற்றம் செய்ய வேண்டும். ஒவ்வொரு செல்லும் முழு நிலையில் 4.2 வோல்ட் இருக்கும், 3.5 வோல்ட்டை நெருங்கும்போதே தரையிறங்கிவிடுவது பேட்டரியின் ஆயுளைக் காக்கும். சில நாட்கள் பயன்படுத்தாமல் வைப்பதானால் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியையும் விமானத்தையும் விட்டுச் செல்வது நம் நாட்டுக் கோடையில் பெருந்தவறு. வெப்பத்தில் ஃபோம் கோணலாகும், பேட்டரி உப்பும். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தவோ குப்பைத் தொட்டியில் போடவோ கூடாது. மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

விளையாட்டிலிருந்து படிப்புக்கு

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு, மாதிரி விமானக் கலையைத் தன் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கொண்டுள்ளது. வடிவமைத்து, உருவாக்கி, பறக்கவிட்டுக் காட்டும் போட்டிகள் பொறியியல் மாணவர்களுக்காக நடத்தப்படுகின்றன. திரைப்பட நடிகர் அஜித் குமார் இத்துறையில் நீண்டகால ஆர்வம் கொண்டவர் என்பதும், 2018-ஆம் ஆண்டு சென்னை எம்ஐடி வளாகத்தின் ‘தக்‌ஷா’ மாணவர் குழுவுக்கு ஆலோசகராகச் செயல்பட்டார் என்பதும் தமிழ் வாசகர்கள் அறிந்ததே.

பறக்கும் மாதிரிகளுக்கும் உண்மையான விமானத்துக்கும் உள்ள உறவு பழமையானது. பிரான்ஸைச் சேர்ந்த அல்போன்ஸ் பெனோ 1871-இல் ரப்பர் முறுக்கால் இயங்கும் சிறிய விமானத்தைப் பாரிஸில் பறக்கவிட்டார். அவரது வடிவமைப்பைத் தழுவிய பறக்கும் பொம்மை ஒன்றை 1878-இல் தந்தையிடமிருந்து பரிசாகப் பெற்ற இரு சிறுவர்கள்தாம், 1903-இல் மனிதனைச் சுமந்த விமானத்தை இயக்கிக் காட்டிய ரைட் சகோதரர்கள்.

ஒரு மாணவர் தாமே செய்த விமானத்தின் வால் ஏன் கனத்தது, அது ஏன் ஸ்டால் ஆனது, பேட்டரி ஏன் முன்னதாகத் தீர்ந்தது என்று தேடும்போது, பாடநூலில் படித்த விசை, திருப்புத்திறன், மின்னோட்டம் ஆகியவை கையில் தொட்டுணரும் பொருள்களாகின்றன. தனியே முயல்வதைவிட, அருகில் உள்ள மாதிரி விமானக் குழுவையோ, அனுபவம் உள்ளவரையோ நாடுவது நல்லது. இரு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்து, கற்பவர் தவறும்போது பயிற்றுநர் ஒரு சுவிட்சைத் தட்டிக் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு மாற்றிக்கொள்ளும் வசதி பல கருவிகளில் உள்ளது.

திடலைவிட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உடைந்து சிதறிய ஃபோம் துண்டுகளையும் ஒட்டுநாடாவையும் ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். அவை மட்காதவை, மேயும் மாடுகளின் வயிற்றுக்குள் போகக் கூடியவை. திடலைத் தூய்மையாக விட்டுச் செல்பவருக்கே அடுத்த வாரமும் அங்கு பறக்கவிட அனுமதி கிடைக்கும்.